தங்கிப் போன தற்காலிகம்

1970-ஆம் ஆண்டு கோடை. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் பிடிபி-11 என்ற புதுக் கணினி வந்து இறங்கியது. யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கிவந்த கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி குழுவினர் முன்பு கேட்டபோதெல்லாம் நிர்வாகம் கையை விரித்திருந்தது. கடைசியில், ஆவணங்களைத் தட்டச்சு செய்து ஒழுங்குபடுத்தும் ஏற்பாட்டை உருவாக்கித் தருகிறோம் என்று சொல்லித்தான் இதை வாங்கியிருந்தார்கள். கணினி வந்தது, டிஸ்க் வரவில்லை. எதையும் சேமிக்க வழியில்லாமல், ஆறுக்கு எட்டுக் கட்டமுள்ள சதுரங்கப் பலகையில் குதிரை எத்தனை விதமாகச் சுற்றிவரலாம் என்று அந்த இயந்திரம் மாதக்கணக்கில் எண்ணிக்கொண்டிருந்தது. டிசம்பரில் டிஸ்க் வந்து சேர்ந்தது. உண்மையான இடநெருக்கடி அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

அந்த டிஸ்க்கின் கொள்ளளவு வெறும் 512 கிலோபைட். இன்றைய கைபேசியில் எடுக்கும் ஒரு படத்துக்கே போதாது. நினைவகம் 24 கிலோபைட். அதில் 16-ஐ இயங்குதளமே எடுத்துக்கொள்ள, மிச்சம் 8. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற, காப்புரிமைப் பிரிவின் தட்டச்சர்களை அந்தக் கணினியில் உட்கார வைத்தார்கள். நீளமான விண்ணப்பம் எட்டு கிலோபைட்டில் அடங்குமா? எனவே திருத்தி மென்பொருள், வேலை நடக்கும் வரை எழுத்துகளை டிஸ்க்கில் ஒரு கோப்பாக வைத்துக்கொண்டது. அதற்கென ‘டிஎம்பி’ என்று ஒரு தனி அடைவு. வேலை முடிந்ததும் கோப்பை மென்பொருளே அழித்துவிடும் என்பது ஏற்பாடு. ஆனால், வேலை முடிவதற்கு முன்பே கணினி படுத்துவிட்டால்?

அடிக்கடி படுத்தது. தட்டச்சர்கள் ஒரு பக்கம் வேலை செய்ய, அதே இயந்திரத்தில் ஆய்வாளர்கள் புதுப்புது நிரல்களைச் சோதித்தார்கள். ஒரு நிரலின் பிழை மொத்தக் கணினியையும் கவிழ்த்துவிடும். அழிக்க வேண்டிய மென்பொருள் பாதியில் செத்துப்போக, அது வைத்திருந்த கோப்பு அநாதையாக டிஸ்க்கில் தங்கிவிடும். இடமோ கொஞ்சம். சில மணி நேரத்துக்கு ஒருமுறை, தட்டச்சான பக்கங்களைக் காந்த நாடாவுக்கு மாற்றினால்தான் அடுத்த பக்கத்துக்கு இடம். இதற்குத் தீர்வாக வந்த வழி எளியது. கணினி துவங்கும்போதே தற்காலிகக் கோப்புகளைத் துடைத்துவிடுவது. 1979-இல் வெளியான யூனிக்ஸ் ஏழாம் பதிப்பின் கையேடு இதை அன்றாட வீட்டுவேலைபோல் குறிப்பிடுகிறது. பிரச்சினை தீர்ந்தது என்றே தோன்றியது.

இதே சிக்கலைக் கணினி உலகத்துக்கு வெளியே வடசென்னை வேறு உருவத்தில் சந்தித்தது. 1983 டிசம்பரில் சென்னைத் துறைமுகத்தில் நாட்டின் முதல் தனிக் கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது. கப்பலிலிருந்து இறங்கும் பெட்டி, சுங்கச் சோதனை முடிந்து டிரெய்லர் ஏறும் வரை யார்டில் காத்திருக்கும். அதுவும் ஒரு தற்காலிகக் கோப்புதான். பெட்டி நகரவில்லை என்றால் அடுத்த கப்பலுக்கு இடமில்லை. அதனால் துறைமுகம் சில நாட்களை இலவசமாகத் தந்து, அதன் பின் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் வசூலித்தது. கணினியில் தங்கிய கோப்புக்கு வாடகை கேட்க ஆளில்லை. அந்தக் குறை விரைவிலேயே தலைகாட்டியது.

கணினிகள் தேறிவிட்டன. மாதக்கணக்கில் அணையாமல் ஓடின. துவங்கும்போது துடைப்பது என்ற வழக்கம் அங்கே செல்லாக்காசானது. நாள்பட்ட கோப்பைத் தேடி அழிக்கத் தொடங்கினார்கள். இன்னொரு வம்பும் இருந்தது. எல்லோரும் எழுதக்கூடிய பொது அடைவு என்பதால், ஒருவர் கோப்பை இன்னொருவர் அழித்துவிட முடிந்தது. 1986-இல் வெளிவந்த 4.3 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இதற்குப் பூட்டுப் போட்டது. பொது அடைவில் அந்தப் பூட்டை இட்டுவிட்டால் கோப்பின் சொந்தக்காரரும் அடைவின் சொந்தக்காரரும் நிர்வாகியும் மட்டுமே அதை அழிக்கலாம். ஆனால், நிர்வாகி என்று ஒருவரே இல்லாத கணினிகள் அப்போது வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்தன.

ராயபுரம் டிடிபி கடையிலும் மண்ணடி கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்திலும் கணினி வந்த பிறகு, பழைய விபத்து புது வேடத்தில் திரும்பியது. ஷிப்பிங் பில் பாதியில் இருக்கும்போது கரண்ட் போகும். யுபிஎஸ் கீச்சிட்டு ஓயும். மறுபடி திறந்தால் அலைக்குறியில் தொடங்கும் பெயரோடு ஒரு கோப்பு கிடக்கும். அதைத் தொட எல்லோருக்கும் பயம். 1998 ஜூனில் வந்த விண்டோஸ் 98 ஒரு துடைப்பானைக் கூடவே கொண்டுவந்தது. அந்தத் துடைப்பான் தற்காலிகக் கோப்புகளைக் கண்ணை மூடிக்கொண்டு அழிக்காது. ஒரு வாரமாக மாற்றப்படாதவற்றை மட்டுமே தொடும். அவசரக்காரர்கள் இந்த நிதானத்தில் திருப்தி அடையவில்லை.

அவர்களுக்காகத் துடைப்பு மென்பொருள்கள் பெருகின. அவற்றில் மிகப் பிரபலமானது சிகிளீனர். 2017-இல் அதன் ஒரு பதிப்புக்குள்ளேயே யாரோ தீநிரலைப் புகுத்தியிருந்தது தெரியவந்தது. பாதிக்கப்பட்ட பதிப்பு 22 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் இருந்தது. அடுத்த ஆண்டு விண்டோஸின் துடைப்பான் பட்டியலிலேயே ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறை இடம்பிடித்தது. கோப்பைப் பதிவிறக்கி அங்கேயே வைத்துக்கொள்ளும் பழக்கமுள்ளவர்களுக்கு அது தற்காலிகம் அல்ல, பெட்டகம். வரிசையாக டிக் அடித்தவர்கள் அதையும் சேர்த்து இழந்தார்கள். எதிர்ப்புக்குப் பின் 2020-இல் அந்த வரி நீக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், தற்காலிகம் என்ற சொல்லின் ஆபத்து மணலியில் அம்பலமானது.

பெய்ரூட் துறைமுகக் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்த 2,750 டன் அமோனியம் நைட்ரேட் வெடித்த பிறகு, சென்னையிலும் அதே சரக்கு இருப்பது செய்தியானது. 2015-இல் சுங்கத்துறை பறிமுதல் செய்த சுமார் 700 டன், மணலி கன்டெய்னர் கிடங்கில் ஐந்து ஆண்டாகக் காத்திருந்தது. இறக்குமதி செய்தவர் எடுக்க முடியாது. வழக்கு முடியாமல் விற்கவும் முடியாது. டெமரேஜ் என்ற சவுக்கும் அங்கே பலிக்கவில்லை. பயம் வந்த பிறகு, சில நாட்களில் பெட்டிகள் ஹைதராபாத் கிளம்பின. இடத்தைக் காலி செய்வது ஒருநாளும் கடினமாக இருந்ததில்லை. இது யாருடையது, இன்னும் தேவையா என்று சொல்ல ஆள் இல்லாததே கடினம்.

டிஸ்க் நிறையும்போது திரையில் வரும் சின்னப் பட்டியலுக்குப் பின்னால் இருப்பது இந்த ஐம்பது ஆண்டுப் பாடம்தான். ‘தற்காலிகக் கோப்புகள்’ என்ற வரி, பக்கத்தில் எவ்வளவு இடம் மிஞ்சும் என்ற எண், டிக் போட ஒரு கட்டம், ‘நிச்சயமா?’ என்ற கேள்வி. தட்டச்சர்களின் காந்த நாடாவும் கவிழ்ந்த கணினிகளும் பறிபோன பதிவிறக்கங்களும் சேர்ந்து எழுதிய கேள்வி அது. அதற்குப் பதில் சொல்ல எடுக்கும் அரை நிமிடம் வீண் அல்ல.