சைக்கிள் நிறுத்திய தேவாலயம்

நம் பி பிளாக் கீழ்த்தளத்துப் படிப்பறை பழைய சைக்கிள்கள் போடும் அறையாகி வெகு நாளாயிற்று. பூட்டியே கிடக்கும் அறையை இடித்துவிட்டு நாலு கார் நிறுத்தலாமே என்று சென்ற பொதுக்குழுவில் ஒரு யோசனை வந்தது. அதைக் கேட்டதும் எனக்கு நெதர்லாந்தில் மாஸ்ட்ரிக்ட் நகரத்துத் தேவாலயம் ஒன்று நினைவுக்கு வந்தது. அதிலும் சைக்கிள்கள் நின்றிருக்கின்றன.

டொமினிக்கன் துறவிகள் கட்டிய அந்தத் தேவாலயம் 1294இல் அர்ச்சிக்கப்பட்டது. உயர்ந்த வளைவுகளும் கல் தூண்களும் கொண்ட கோதிக் கட்டடம். சுமார் 500 ஆண்டுகள் அங்கே வழிபாடு நடந்தது. 1794இல் பிரெஞ்சுப் படை நகரைப் பிடித்தது. அடுத்த சில ஆண்டுகளில் மடம் கலைக்கப்பட்டது. ஜெபம் நடந்த இடத்தில் படையினர் குதிரைகளைக் கட்டினார்கள்.

அதன் பின் 200 ஆண்டுகளுக்கு அது பட்ட பாடு கொஞ்சமல்ல. கிடங்கு, கச்சேரி மண்டபம், கண்காட்சிக் கூடம், குத்துச்சண்டை மேடை, கடைசியில் சைக்கிள் நிறுத்துமிடம். கேட்டால் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏதோ ஒரு வேலைக்கு உதவிக்கொண்டிருந்ததால்தான் அது இடிபடாமல் தப்பியது என்று எனக்குத் தோன்றுகிறது.

2006 வாக்கில் அங்கே புத்தகக் கடை வைக்க முடிவாயிற்று. ஆனால் ஒரு சிக்கல். கடைக்குச் சுமார் 13,000 சதுர அடி வேண்டும். தேவாலயத்தின் தரையோ சுமார் 8,000 சதுர அடிதான். நாமாக இருந்தால் குறுக்கே ஒரு தளம் போட்டிருப்போம். போட்டால் இடம் கிடைக்கும், ஆனால் அண்ணாந்து பார்க்க வைக்கும் அந்த உயரம் போய்விடும்.

மெர்க்ஸ், ஷிரோ என்ற இரு வடிவமைப்பாளர்கள் வேறு வழி கண்டார்கள். கூடத்தின் ஒரு பக்கத்தில் மட்டும், மாடி மாடியாக ஏறிப் போகக்கூடிய பிரம்மாண்டமான இரும்புப் புத்தக அலமாரியை நிறுத்தினார்கள். மறுபக்கத்தைத் தரையிலிருந்து கூரை வரை திறந்தே விட்டார்கள். அலமாரி சுவர்களைச் சார்ந்து நிற்கவில்லை. நாளை கடை வேண்டாம் என்றால் கழற்றி எடுத்துவிடலாம்; தேவாலயம் பழையபடி நிற்கும். புனித தோமா அக்குவினாரின் வாழ்க்கையைச் சொல்லும், 1337ஆம் ஆண்டைச் சேர்ந்த சுவரோவியமும் அங்கே இருக்கிறது. பீடம் இருந்த பகுதியில் இப்போது காபி குடித்துக்கொண்டே படிக்கலாம்.

கதை இத்தோடு சுபமாக முடியவில்லை. கடையை நடத்திய நிறுவனம் 2012இல் நொடித்தது. கடை கைமாறியது. புதிய நிறுவனமும் 2014இல் திவாலானது. மறுபடி பூட்டு விழும் என்ற நிலையில் ஊழியர்கள் ஊர்மக்களிடம் கை நீட்டினார்கள். வாசகர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகக் கொடுத்ததில் 1,00,000 யூரோவுக்கு மேல் சேர்ந்தது. அன்றிலிருந்து அது எந்தப் பெரிய நிறுவனத்தையும் சாராத தனிக் கடையாக நடக்கிறது.

முதல் முறை அந்தக் கட்டடத்துக்கு உயிர் கொடுத்தது நல்ல வடிவமைப்பு. இரண்டாம் முறை காப்பாற்றியது, தினமும் வந்து போய் அதைத் தங்களுடையதாக நினைத்த மக்கள்.

நம் படிப்பறைக்கு 700 வருட வரலாறு இல்லை. சுவரோவியம் இல்லை, மழைக்கறைதான் இருக்கிறது. இருந்தாலும் கார் நிறுத்த இடிப்பதற்கு முன், மாலையில் பிள்ளைகள் படிக்கவும் பெரியவர்கள் பேப்பர் பார்க்கவும் ஆறு மாதம் திறந்து வைத்துப் பார்க்கலாமே? சுவரை உடைக்க வேண்டாம், பெரிய செலவும் வேண்டாம். சரிப்படாவிட்டால் மேசை நாற்காலிகளை எடுத்துவிடலாம். இடித்துவிட்டால் அப்படித் திருப்பி வைக்க முடியாது.

முதல் வேலை, அவரவர் சைக்கிளை எடுப்பது. அதில் என்னுடையதும் ஒன்று இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துவிடுகிறேன்.