மெழுகு வாங்கிய நிலம்

திருவான்மியூரைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, அப்புறம் ஈஞ்சம்பாக்கம். அங்கேதான் சோழமண்டலம் ஓவியர் கிராமம். மனை விலை கேட்டாலே மலைப்பு வரும் இந்தத் தடத்தில், ஓவியர்கள் தங்களுக்கென்று ஏக்கர் கணக்கில் நிலம் வைத்திருக்கிறார்கள். அதை வாங்கிக் கொடுத்தது ஒரு துணி.

மெழுகால் வரைந்து சாயத்தில் தோய்க்கும் பாத்திக் துணி. அதன் கதை இதே கடற்கரையில் தொடங்குகிறது என்றும் சொல்லலாம். சோழமண்டலக் கரையின் சாயத்துணிகள் நூற்றாண்டுக்கணக்கில் கப்பலேறி, ஜாவா, சுமத்ரா தீவுகளில் நறுமணப் பொருட்களுக்கு மாற்றாகக் கைமாறின. ஜாவாக்காரர்களின் மெழுகுத் துணியில் அவற்றின் சாயல் படிந்தது. 1927இல் தாகூர் ஜாவா போய் வந்த பிறகு, அவர் மருமகள் பிரதிமா தேவியின் முயற்சியால் அந்தக் கலை சாந்திநிகேதனில் ஊன்றியது. 1960களில் அது சென்னை ஓவியக் கல்லூரி மாணவர்களின் கைக்கு வந்தபோது, ஒரு வகையில் வீடு திரும்பியிருந்தது.

கல்லூரி முதல்வர் கே.சி.எஸ். பணிக்கருக்கு ஒரு கவலை. படித்து முடித்த பிள்ளைகள் வயிற்றுப்பாட்டுக்காகத் தூரிகையைக் கீழே வைத்துவிடுகிறார்கள். ஓவியம் விற்காது, நவீன ஓவியம் அறவே விற்காது. கைவினைப் பொருள் விற்கும். ஆகவே அவரும் மாணவர்களும் ஒரு கைவினைச் சங்கம் தொடங்கினார்கள். துணியைக் கஞ்சி போக அலசி, உருக்கிய மெழுகால் வரைந்து, ஆறிய சாயத்தில் தோய்த்தார்கள். சாயம் சூடாக இருந்தால் மெழுகு கரைந்துவிடும். வெளிர் நிறம் முதலில், அடர்நிறம் கடைசியில். தேன்மெழுகு வளைந்து கொடுக்கும், பாரஃபின் உடையும். உடைந்த வழியே சாயம் இறங்கி, யாரும் வரையாத நரம்புக் கோடுகள் துணியெங்கும் ஓடும். கடைசியில் கொதிநீரில் மெழுகை எடுப்பார்கள்.

துணிகள் விற்றன. அந்தப் பணத்தில்தான் 1966இல் ஈஞ்சம்பாக்கத்து மணல்வெளியில் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். ஒரு பொழுது கைவினை, மறுபொழுது தன் ஓவியம். துணி விலைபோனதால் ஓவியம் யாருக்கும் பணிய வேண்டியிருக்கவில்லை. வாங்குபவருக்குப் பிடிக்குமா என்று பார்க்காமல் வரைவது எவ்வளவு பெரிய செல்வம்! உருவமே இல்லாத ஓவியத்துக்கு அந்தச் செல்வம் இல்லாமல் வாழ்வே இல்லை.

பணிக்கரிடம் படித்த இருவரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. இருவரும் கேரளத்தவர், நண்பர்கள். 1960களின் இறுதியில் பாரிஸ் போய் அங்கேயே நிலைத்தவர்கள். அக்கித்தம் நாராயணன் சதுரங்களையும் முக்கோணங்களையும் அடுக்கி, பொறுமையாக ஒரு ஜபம்போல வண்ணம் தீட்டினார். மலையாளக் கவிஞர் அக்கித்தத்தின் தம்பி அவர். வி. விஸ்வநாதன் சோழமண்டலத்தை உருவாக்கியவர்களில் ஒருவர்; அவருடைய வடிவங்களில் கோடுகள் மோதும், பிளக்கும். பாலிலிருந்து எடுக்கும் கேசினைப் பசையாக்கி வண்ணம் குழைப்பார். இந்தியக் கடற்கரை நெடுகப் போய் மணல் சேகரித்து, 'மணல்' என்றே ஒரு படமும் எடுத்தார். பாரிஸில் வாழ்ந்தபடியே சோழமண்டலத்துக்கும் வந்து வந்து வேலை செய்தார்.

அதே பாரிஸில் வாழ்ந்த இந்திய ஓவியர் ரசாவை இங்கே ஓவியம் பார்க்கும் பழக்கமுள்ள எல்லோருக்கும் தெரியும். இவர்கள் இருவரின் பெயரைச் சென்னையிலேயே எத்தனை பேர் சொல்வார்கள்? பம்பாய்க்கும் டெல்லிக்கும் இருந்த ஓவியச் சந்தையும் கலை பற்றிய எழுத்தும் சென்னைக்கு வாய்க்கவில்லை. பாரிஸுக்கு அவர்கள் இந்தியர்கள், இந்தியாவுக்குப் பாரிஸ்காரர்கள். திறமையில் குறை இருந்து மறக்கப்பட்டவர்கள் இல்லை.

2009இல் அந்தக் கிராமத்திலேயே சென்னையின் நவீன ஓவிய இயக்கத்துக்கென ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். என் ஆசை ஒன்றுதான்: அங்கே ஓர் அறையை இந்த இருவருக்கு மட்டுமாக ஒதுக்க வேண்டும். ஒருவரின் அமைதியான கட்டங்களுக்கு எதிரே மற்றவரின் மோதும் கோடுகள். தனித்தனியே பார்த்தால் இரண்டையும் 'வடிவியல்' என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டுப் போய்விடுவோம். எதிரெதிரே மாட்டினால்தான் ஒரே ஆசானிடமிருந்து கிளம்பியவர்கள் எவ்வளவு தூரம் பிரிந்து நடந்தார்கள் என்று புரியும். கூடவே, அந்நாளைய பாத்திக் துணி ஒன்றையும் கண்ணாடிக்குள் வைக்க வேண்டும். எந்தக் காலத்துத் துணி, எப்படிச் சாயமேற்றினார்கள், விற்ற பணம் எதற்குப் போனது என்று தமிழில் எழுதிய ஒரு சீட்டும் பக்கத்தில் இருக்கட்டும்.