செட்டில்மெண்ட் பத்திரமும் ஜீவனாம்ச வாசகமும்

பெற்றோர் தம் காலத்திலேயே பிள்ளைகளுக்குச் சொத்தை எழுதிவைக்கும் செட்டில்மெண்ட் பத்திரங்களில் இரண்டு வாசகங்களை அடிக்கடி சேர்ந்தே காணலாம். சொத்தைப் பெறுகிறவர், எழுதிக்கொடுத்தவருக்கு ஆயுள் பரியந்தம் வருஷத்துக்கு இத்தனை மூட்டை நெல்லோ, மாதம் இத்தனை ரூபாயோ கொடுத்துவர வேண்டும் என்பது ஒன்று. இந்தப் பத்திரத்தைப் பின்னிட்டு ரத்து செய்யத் தனக்கு எவ்வித பாத்தியமுமில்லை என்பது மற்றொன்று. நெல்லும் பணமும் நின்றுபோனால் எந்த வாசகம் நிற்கும் என்பதுதான் கோர்ட்டுக்கு வந்த கேள்வி.

1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் இதில் கண்டிப்பானது. அதன் 126-ஆம் பிரிவுப்படி, கொடுத்தவர் மனம் மாறினார் என்பதற்காகத் தானம் (இத்தகைய செட்டில்மெண்டும் அதில் அடங்கும்) ரத்தாகாது. குறிப்பிட்ட ஒன்று நடந்தால் ரத்தாகும் என்று இரு தரப்பும் முன்பே ஒப்பியிருக்க வேண்டும். ஆகவே, கொடுக்காவிட்டால் சொத்து திரும்பும் என்று பத்திரம் சொல்லாதபோது, கோர்ட்டுகள் பொதுவாக நிலத்தைத் திருப்பித் தரவில்லை. பாக்கிக்கு வழக்குப் போடு என்றன. முதுமையில் சோற்றுக்காக ஒவ்வொரு பாக்கிக்கும் கோர்ட்டு ஏறுவது எவ்வளவு கொடுமை என்பதற்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை.

ஆனால் அதே சட்டத்தின் 100-ஆம் பிரிவு ஒரு பிடி கொடுத்தது. தொகைக்கு இன்ன சொத்தே ஈடு என்ற எண்ணம் பத்திரத்தில் தெரிந்தால், அது சொத்தின் மேல் 'பொறுப்பு' ஆகும். அதற்கென்று தனி மந்திரச் சொல் வேண்டியதில்லை. 'இந்தச் சொத்தின் வருமானத்திலிருந்து' என்ற சில சொற்கள்கூட அந்த எண்ணத்துக்குச் சான்றாக வாதிக்கப்படும். பொறுப்பு இருந்தால், அந்தச் சொத்தையே கோர்ட்டு மூலம் விற்றுப் பாக்கியை வசூலிக்கலாம். 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி அதற்கு வழக்குப் போடக் கெடு 12 ஆண்டு. வெறும் வாக்குறுதிக்கோ 3 ஆண்டுதான். 1882-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 1929-இல் வந்த திருத்தம், விவரம் அறியாமல் விலை கொடுத்து வாங்கியவரைப் பொறுப்பிலிருந்து காத்தது. அதே திருத்தம், பத்திரம் பதிவாகியிருந்தால் அவர் விவரம் அறிந்தவராகவே கருதப்படுவார் என்றும் வைத்தது.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் நிலைமையை மாற்றியது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு மூத்த குடிமக்கள் எழுதிவைத்த சொத்தைப் பெற்றவர் அந்த நிபந்தனையை மீறினால், அந்த மாற்றத்தைச் செல்லாததென அறிவிக்கத் தீர்ப்பாயத்தைக் கேட்கலாம் என்றது 23-ஆம் பிரிவு. தமிழ்நாட்டில் கோட்டாட்சியரே அந்தத் தீர்ப்பாயம். நிபந்தனை எங்கே எழுதியிருக்கிறது என்ற பழைய கேள்வி அங்கும் எழுந்தது. 2022-இல் உச்ச நீதிமன்றம் நிபந்தனை நிரூபிக்கப்பட வேண்டும் என்றது; பாசம் மட்டும் போதாது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், தாயின் தானப் பத்திரத்தோடு, அன்றே மகன் எழுதிக்கொடுத்த தனி உறுதிமொழியையும் சேர்த்துப் படித்துத் தானத்தை ரத்து செய்தது. அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், அன்பினால் எழுதிவைப்பதிலேயே பராமரிப்பு நிபந்தனை உட்கிடை என்று கொண்டது. இந்தச் சட்டம் நடைமுறைக்கு வருமுன் எழுதிய பத்திரங்களுக்கு 23-ஆம் பிரிவு பொருந்தாது; அவை இன்றும் 1882-ஆம் ஆண்டுச் சட்டப்படியே படிக்கப்படுகின்றன.