மூலமும் உரையும் போட்டோக்கொப்பியும்

"புரோகிராமிங் பழகப் போறன், லப்டொப்பில என்ன ஓஎஸ் போடுறது?" எண்டு கம்பஸில் ஒருவர் கேட்டால் போதும், சண்டை தொடங்கிவிடும். லினக்ஸ் போடு மச்சான் என்பார் ஒருவர். விண்டோஸே காணும் என்பார் இன்னொருவர். வேகம், வைரஸ், விலை எண்டு பேச்சு நீளும். கலைப்பீடத்தில் இருக்கிற எங்களுக்கு இந்தச் சண்டையின் பின்னால் உள்ள பழைய கதைதான் பிடித்தது. ஒரு மாணவர் எதை வாசிக்கலாம், எதை வாசிக்கக் கூடாது என்ற கதை அது.

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், அதிகம் பயன்படாமல் கிடந்த ஒரு பிடிபி-7 கணினியில் யுனிக்ஸை எழுதத் தொடங்கினார். டெனிஸ் ரிச்சியும் சேர்ந்துகொண்டார். ஆய்வுகூடம் ஏடி அண்ட் டி என்ற தொலைபேசிக் கம்பனியுடையது. 1956இல் அரசோடு செய்துகொண்ட சட்ட இணக்கப்பாட்டின்படி, அந்தக் கம்பனி தொலைத்தொடர்புக்கு வெளியே வியாபாரம் செய்ய ஏலாது. அதனால் கேட்ட பல்கலைக்கழகங்களுக்குச் சிறு கட்டணத்தில், மூலநிரலோடு யுனிக்ஸைக் கொடுத்தார்கள். மூலநிரல் எண்டால் மனிதர் எழுதி மனிதர் வாசிக்கக்கூடிய வடிவம். கடையில் வாங்குகிற மென்பொருள் பெரும்பாலும் சமைத்த சாப்பாடாகத்தான் வரும், செய்முறை வராது.

சிட்னியில், நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் லயன்ஸ் என்றொரு விரிவுரையாளர் இருந்தார். யுனிக்ஸ் 6ஆம் பதிப்பின் கருப்பகுதி பத்தாயிரம் வரிக்கும் குறைவு. அதை வரிக்கு இலக்கமிட்டு அச்சடித்து, தனியாக விளக்கமும் எழுதி, 1970களின் நடுவில் தன் மாணவர்களுக்குக் கொடுத்தார். மூலமும் உரையும்! தமிழ் படிக்கிறவர்களுக்கு இதைவிடப் பழகின வடிவம் வேறு இல்லை. அந்த நிரலில் ஓரிடத்தில், இது உனக்கு விளங்கும் எண்டு நாங்கள் எதிர்பார்க்கவில்லை என்ற பொருளில் எழுதினவர்களே ஒரு குறிப்பு வைத்திருக்கிறார்கள். உரை தேவைப்பட்டது சும்மா இல்லை.

1979இல் 7ஆம் பதிப்பு வந்தபோது அனுமதிப்பத்திரம் மாறியது. மூலநிரலை வகுப்பில் படிப்பிக்கத் தடை. லயன்ஸின் உரையையும் கடையில் வாங்க முடியாது. பிறகென்ன, போட்டோக்கொப்பியின் போட்டோக்கொப்பியாக அது நாடு நாடாகப் போனது. சீனியர்மாரின் நோட்ஸைக் கொப்பியடித்தே செமஸ்டர் ஓட்டுகிற எங்களுக்கு இதைப் பெரிதாக விளங்கப்படுத்தத் தேவையில்லை.

தடையால் கைகட்டப்பட்ட ஒருவர் அம்ஸ்டர்டாமில் இருந்த அன்ட்ரூ டனன்பாம். ஏடி அண்ட் டியின் ஒரு வரியும் கலக்காமல், படிப்பிப்பதற்கென்றே மினிக்ஸை எழுதி 1987இல் பாடநூலோடு வெளியிட்டார். அதைத் தன் கணினியில் போட்டுப் பழகிய ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 1991 ஓகஸ்டில் தானும் ஒன்று செய்வதாக அறிவித்தார். வெறும் பொழுதுபோக்கு எண்டுதான் சொன்னார். அடுத்த வருடமே லினக்ஸை ஜிபிஎல் உரிமத்துக்கு மாற்றினார். ரிச்சர்ட் ஸ்டால்மனின் குனூ திட்டத்திலிருந்து வந்த உரிமம் அது: வாசிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். மாற்றினதைப் பகிர்ந்தால் அதே உரிமையோடுதான் பகிரவேண்டும்.

பைதன் பழகுவதற்கு எந்த ஓஎஸ்ஸும் காணும். மக் யுனிக்ஸ் வழி வந்தது, விண்டோஸுக்குள்ளேயே 2016இலிருந்து லினக்ஸ் ஓட்டலாம். எங்களிடம் கேட்டால், திறந்து பார்க்கத் தடையில்லாத ஒன்றைப் போடச் சொல்லுவோம். ஆனால் இதையும் மறைக்கக் கூடாது: லினக்ஸின் கரு இன்று கோடிக்கணக்கான வரிகள். லயன்ஸின் மாணவர்கள் மாதிரி ஒருவர் முழுக்க வாசித்து முடிக்கிற காரியமில்லை. உரிமை கிடைத்த நேரம் புத்தகம் பெருத்துவிட்டது.

லயன்ஸின் உரை 1996இல்தான் சட்டப்படி அச்சில் வந்தது. இரண்டு வருடத்தில் அவர் இறந்துபோனார். அமெரிக்காவின் எம்ஐடியில் 2006இல், அந்த 6ஆம் பதிப்பைப் பின்பற்றிப் புதிதாக எக்ஸ்வி6 என்றொரு சின்ன இயங்குதளம் எழுதினார்கள், மாணவர் வாசிப்பதற்காகவே. அது இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது.