எகேரியா: விவிலியத்துடன் புனித நாட்டைச் சுற்றிய பெண்

இயேசு வாழ்ந்த நாட்டுக்குப் பயணம் போகிறவர்கள் கையில் விவிலியத்தையும் எடுத்துச் செல்வது வழக்கம். ஓர் இடத்தில் நின்று, அந்த இடத்தைப் பற்றிய பகுதியை வாசித்து, ஜெபம் செய்துவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்வார்கள். இது டூரிஸ்ட் பஸ் காலத்தில் வந்த பழக்கம் அல்ல. சுமார் 1,640 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெண் இதைச் செய்து, எழுதியும் வைத்திருக்கிறார். அவர் பெயர் எகேரியா.

யார் இவர்?

ஸ்பெயினின் வடமேற்குப் பகுதியைச் சேர்ந்தவர் என்று பல அறிஞர்கள் கருதுகின்றனர். கி.பி. 381 முதல் 384 வரை எருசலேமைத் தங்குமிடமாகக் கொண்டு எகிப்து, சீனாய், நெபோ மலை, மெசபடோமியா என்று சுற்றினார். கண்டதையெல்லாம் ஊரில் இருந்த தன் சகோதரிகளுக்கு லத்தீன் மொழியில் கடிதமாக எழுதினார்.

அந்தக் கடிதம் பல நூற்றாண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை. 1884இல் இத்தாலியின் அரெட்ஸோ நகரில் கமுரினி என்ற அறிஞர் அதன் 11ஆம் நூற்றாண்டுப் பிரதி ஒன்றைக் கண்டெடுத்தார். முதல் பக்கங்களும் கடைசிப் பக்கங்களும் இல்லை. எழுதியவர் பெயரும் இல்லை. 7ஆம் நூற்றாண்டில் வலேரியஸ் என்ற துறவி இவரைப் புகழ்ந்து எழுதிய கடிதத்தை வைத்து, 1903இல்தான் அது எகேரியாவின் எழுத்து என்று அடையாளம் காணப்பட்டது.

கேள்வி கேட்ட பயணி

தனக்கு எதையும் தெரிந்துகொள்ளும் ஆவல் அதிகம் என்று அவரே சொல்கிறார். சீனாய் மலையில் சுவர் மீது ஏறுவது போல நேராக ஏற வேண்டியிருந்ததாம். உச்சியில் மோசே பற்றிய பகுதியை வாசித்து முடித்ததும், துறவிகள் அந்த மலையில் விளைந்த பழங்களைக் கொடுத்திருக்கிறார்கள். ஆபத்தான வழிகளில் ரோமப் படைவீரர்கள் துணைக்கு வந்தனர்.

எடெசா நகருக்கு (இன்று துருக்கியில் உள்ள உர்ஃபா) அவர் போனது புனித தோமையாரின் கல்லறையில் ஜெபிக்க. மயிலாப்பூரில் கொல்லப்பட்ட தோமையாரின் உடல் பின்னர் எடெசாவுக்குக் கொண்டு செல்லப்பட்டது என்பது மரபு. அடுத்து ஆரான் நகரில், ஆபிரகாமின் குடும்பம் முதலில் வாழ்ந்த கல்தேயர் நகரம் எங்கே என்று ஆயரிடம் கேட்டார். அங்கே இப்போது ரோமர்கள் போக முடியாது, அது பாரசீகர் கையில் இருக்கிறது என்று பதில் வந்தது. 363இல் ரோமர்கள் எல்லைப் பகுதிகளைப் பாரசீகத்துக்கு விட்டுக்கொடுத்ததன் விளைவு அது.

எருசலேமில் நடந்தவை

இவர் எழுத்தின் இரண்டாம் பாதி முழுவதும் எருசலேம் வழிபாடுதான். ஆயர் கிரேக்கத்தில் மட்டுமே பேசுவார், ஒரு குரு சிரியாக் மொழியில் பெயர்த்துச் சொல்வார். லத்தீன் மட்டும் தெரிந்தவர்களுக்கு, இரு மொழியும் அறிந்தவர்கள் விளக்குவார்கள். புனித வெள்ளியன்று சிலுவை மரத்தை மக்கள் குனிந்து முத்தமிடும்போது தியாக்கோன்கள் சுற்றி நின்று காவல் காப்பார்கள். காரணம், முன்பு ஒருவர் அதில் ஒரு துண்டைக் கடித்து எடுத்துப் போய்விட்டாராம்!

பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லவில்லை

உப்புத் தூணாக மாறிய லோத்தின் மனைவியைப் பற்றி விவிலியம் சொல்கிறது. நெபோ மலைப் பகுதியிலிருந்து அந்த இடத்தை எகேரியாவுக்குக் காட்டினார்கள். ஆனால் இடம்தான் தெரிந்தது, தூண் இல்லை; உங்களை ஏமாற்ற எனக்கு மனமில்லை என்ற பொருளில் சகோதரிகளுக்கு எழுதுகிறார். சில ஆண்டுகளாகவே தூண் கண்ணுக்குத் தெரிவதில்லை என்று அவ்வூர் ஆயர் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறார். தூணைப் பார்த்தேன் என்று எழுதியிருந்தால் ஊரில் யாரும் மறுத்திருக்க முடியாது.

அவருக்குக் காட்டப்பட்ட இடங்கள் எல்லாம் உண்மையான இடங்கள்தானா என்பது வேறு விஷயம். மோசே ஏறிய சீனாய் எது என்பதில் இன்றும் அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. எனவே மோசேயின் காலத்துக்கு எகேரியாவைச் சாட்சியாக அழைக்க முடியாது. ஆனால் 4ஆம் நூற்றாண்டில் மக்கள் எந்த இடத்தை எதுவென்று நம்பினார்கள், அங்கே எப்படி ஜெபித்தார்கள் என்பதற்கு அவரை விட நல்ல சாட்சி கிடைப்பது கடினம். அந்த நம்பகத்தன்மையை அவருக்குத் தந்தது, இல்லாத தூணை இல்லை என்றே எழுதிய அந்த நேர்மைதான்.