பிளந்த முனை

சரித்திரம் என்றால் அரசர் பெயர்களும் ஆண்டுக் கணக்குமே என்று எண்ணி அதனை ஒதுக்கி வைப்போர் நம்மவருள் பலர். காலால் நடந்து, கண்ணால் கண்டு, அறிவால் ஆராயத்தக்க சரித்திரமும் உண்டு என்பதை அவர்கள் உணர்வதில்லை. அத்தகைய ஓரிடம் போர்ட்டிக்சன் பட்டணத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 10 மைல் தொலைவில் இருக்கின்றது. தஞ்சோங் துவான் என்னும் அம்முனைக்கு, மார்ச்சு மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், தோட்டத்து நண்பர் சிலருடன் சென்று திரும்பினோம். ஆங்குக் கண்டதையும் அதனால் கருதியதையும் ஈண்டு எழுதப் புகுந்தோம்.

முப்புறமும் கடல் சூழ்ந்த குன்று அது. நிலப்புறத்தில் நெகிரி செம்பிலான் சூழ்ந்திருப்பினும், குன்று மட்டும் மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்தது. வாயிலைக் கடந்தவுடன் சாலை மேல்நோக்கி ஏறுகின்றது. வரிசை பிடித்து நிற்கும் செம்பனையையே நாள்தோறும் கண்டு பழகிய நம் கண்களுக்கு, நட்டவர் யாருமின்றித் தாமே ஓங்கி நிற்கும் மரங்கள் ஒரு புதுமையாய்த் தோன்றின. சாலையினின்று பிரியும் ஒற்றையடிப் பாதைகள் செங்குத்தாய்க் கடலை நோக்கி இறங்குகின்றன. வேர்களைப் பற்றிக்கொண்டே இறங்கினோம். கீழே, அலை மோதி மோதிப் பிளவுண்ட பாறைகள் கரை நெடுகக் கிடந்தன. இவ்விடத்திற்குப் போர்த்துக்கேயர் இட்ட பெயர் 'காபோ ராஷாடோ' என்பது. பிளந்த முனை என்று அதற்குப் பொருள். பெயர் பொருத்தமே.

இப்பாறைகளுக்கு எதிரேயுள்ள கடலில் 1606-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 16-ஆம் நாள் ஒரு பெரும்போர் தொடங்கியது. மலாக்காவை 1511 முதல் ஆண்டுவந்தவர் போர்த்துக்கேயர். அதனைக் கைப்பற்றும் பொருட்டு, மாத்தலீஃப் என்னும் ஒல்லாந்துத் தளபதி 11 கப்பல்களுடன் வந்து நகரை முற்றுகையிட்டான். மலாக்காவை இழந்த அரச வமிசத்தினரான ஜொகூர் மன்னர் அவனுக்குத் துணை நின்றார். முற்றுகையைத் தகர்க்கக் கோவாவினின்று போர்த்துக்கேய இராஜப்பிரதிநிதி மார்ட்டிம் அபோன்சோ டி காஸ்ட்ரோ பெருங் கப்பற்படையுடன் வந்தான். நாசாவ், மிடல்பர்க் என்னும் இரு ஒல்லாந்துக் கப்பல்கள் எரிந்து மூழ்கின. போர்த்துக்கேயரும் இரு பெருங் கப்பல்களை இழந்தனர். ஒல்லாந்தர் ஜொகூருக்குப் பின்வாங்கினர். மலாக்கா அப்போதைக்குத் தப்பியது.

நிற்க. இத்துணை உயிர்ப்பலியும் எதன் பொருட்டு? கிராம்புக்கும் மிளகுக்கும், அவை செல்லும் கடல் வழிக்குமே! 1641-இல் ஒல்லாந்தர் மலாக்காவைப் பிடித்தனர். 1824-இலோ, இலண்டனில் கையெழுத்தான ஓர் உடன்படிக்கையால், ஒரு வெடியும் வெடியாமல் அந்நகர் ஆங்கிலேயர்க்கு உரியதாயிற்று. 1957-இல் அவர்தம் ஆட்சியும் முடிந்தது. மூழ்கிய நாசாவ் கப்பலை 1990-களில் கடலடியில் கண்டுபிடித்து, அதன் பொருள்களை வெளிக்கொணர்ந்தனர். எந்தக் கடலை எமதே என்று மூவரும் உரிமை கொண்டாடினரோ, அந்தக் கடலில் அவர்தம் கொடி ஒன்றேனும் இன்று பறக்கின்றதா? பாறை நிற்கின்றது, அலை மோதுகின்றது.

குன்றின் உச்சியில் வெண்ணிறக் கலங்கரை விளக்கம் ஒன்று நிற்கின்றது. இப்போதுள்ள கோபுரம் 1860-களில் எழுந்தது. போர்த்துக்கேயர் காலத்திலேயே இங்கு விளக்கெரிந்தது என்றும் கூறுவர். அதன் அடியில் நின்று ஜலசந்தியை நோக்கியபோது, நம் உள்ளத்தில் ஓர் எண்ணம் எழுந்தது. நாகப்பட்டினத்தினின்று புறப்பட்டு, பினாங்கையும் கிள்ளான் துறையையும் தொட்டுச் சிங்கப்பூர் சென்ற கப்பல்கள் யாவும் இம்முனையைக் கடந்தே சென்றன. 1926 முதல் 1973 வரை ஓடிய 'ரஜூலா'வும் இவ்வழி வந்ததே. மூட்டையைத் தலைக்கு வைத்துத் தளத்தில் படுத்து வந்த நம் பாட்டன்மாருள் எத்தனை பேர் இவ்விளக்கின் ஒளியை நள்ளிரவில் கண்டிருப்பர்! தளபதிகளின் பெயர்கள் ஏட்டில் உள. அம்மக்களின் பெயர்களை எழுதி வைத்தவர் யார்? எனினும், விளக்கு தளபதிக்கு ஓர் ஒளியும் கூலிக்கு ஓர் ஒளியும் காட்டிற்றில்லை. எல்லார்க்கும் ஒன்றாகவே எரிந்தது.

கரையோரப் பாறையில் ஒரு குழியைக் காட்டி, வீரர் ஹாங் துவாவின் காலடி இஃது என்கின்றனர். உடன் வந்த நண்பர் ஒருவர் கைகூப்பினார். அலையும் மழையும் பாறையைக் குடைதல் இயற்கை என்றோம். "அண்ணே, கும்பிட்டால் குறைந்தா போகும்?" என்றார் அவர். கும்பிடுவதால் குறைவில்லை, கும்பிட்டவுடன் ஆராய்ச்சி நின்றுவிடுகின்றதே, அதுதான் குறை. கதையைக் கதையாகப் போற்றுவோம். சரித்திரத்தைச் சரித்திரமாக அறிவோம்.

அறிவால் அறியும் அற்புதத்திற்கு இங்குக் குறைவா? அன்று நண்பகலில் சுமாத்திராவினின்று தேன்பருந்துகள் கூட்டங்கூட்டமாய் வந்தன. குளிர் காலத்தைத் தெற்கே கழித்து, வடக்கே தம் கூடு கட்டும் நாடுகளுக்குத் திரும்பும் பறவைகள் அவை. வெயிலால் சூடேறி நிலத்தினின்று மேலெழும் காற்றில் மிதந்தே அவை நெடுந்தூரம் செல்லும். கடல்மேல் அக்காற்று வலிதாய் எழாமையால், ஜலசந்தி குறுகிய இவ்விடத்தைத் தேர்கின்றன. களைத்துத் தாழ்வாய் வந்தவை, குன்றின்மேல் எழும் காற்றைப் பற்றிச் சுழன்று சுழன்று ஏறின. கைகூப்பிய நண்பர் வாய் பேசாது வெகுநேரம் மேல்நோக்கியே நின்றார்.

இக்குன்றின் காடு ஏறத்தாழ 200 ஏக்கரே. 1921-இல் இதனைக் காப்புக்காடாக்கினர். அண்டைக் கடற்கரையெல்லாம் விடுதிகள் நெருங்கி நிற்க, இச்சிறு காடு பிழைத்திருப்பது அவ்விதமான சட்டக் காப்பினாலன்றோ? காப்புக்காடு என்பது ஒருவர்க்கு மட்டும் உரியதன்று, எல்லார்க்கும் உரியது. ஆனால் உரிமை கொண்டாடும் நாம் செய்வது யாது? உணவுப் பொட்டலமும் நெகிழிப் புட்டியும் பாதையோரம் கிடக்கக் கண்டு நாணினோம். அவற்றுள் சில, நம் தமிழ்க் கடைகளின் பெயர் தாங்கியவை. நண்பர்கள் ஒரு சாக்கு நிறையப் பொறுக்கிக் கீழே கொணர்ந்தனர்.

தோழர்களே! இந்நாட்டில் நமக்கு வேரில்லை, சரித்திரமில்லை என்று பிறர் கூறுங்கால் வருந்துகின்றோம். பிறர் கூற்று ஒருபுறமிருக்க, நாம் வாழும் மண்ணின் வரலாற்றை நாம் அறிந்ததுண்டா? ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இம்முனைக்குச் செல்லுங்கள். போர் நடந்த கடலைக் காட்டுங்கள். பாட்டன் வந்த வழி இதுவெனச் சொல்லுங்கள். ஒரு சாக்கும் உடன் கொண்டு செல்லுங்கள். தான் நடந்து அறிந்த நிலத்தையும், தன் கையால் காத்த காட்டையும் எவரும் அயலென்று எண்ணார்.