எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என நம் பெற்றோர் இன்று வினவுகின்றனர். நம் பாட்டன்மார் அறியாத வினா இது. பொதுப்பணத்தில் நடந்த பள்ளிகள் பலவும் அவர்களுக்குக் கதவடைத்தன. ஆகவே தனிப்பள்ளிகள் தோன்றின. 1894-இல் கர்னல் ஆல்காட் சென்னை அடையாற்றை அடுத்துப் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். 1916-இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியை நிறுவினார். நம்மில் பலருடைய குடும்பங்களில் முதல் கையெழுத்து இத்தகைய பள்ளிகளில் பயின்றதே. எனினும் அவை நாம் தேர்ந்தவை அல்ல. வேறு வாயில் இல்லாமையால் நுழைந்தவை.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், சிறுபான்மையினர் பள்ளிகள் நீங்கலான தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவினருக்கும் வாய்ப்பிழந்த பிரிவினருக்கும் ஒதுக்கியது. கல்விக் கட்டணத்தை அரசு ஈடுசெய்யும். நாம் மகிழ்ந்தோம். ஆனால் சலுகை எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. வாகனமும் பிறவும் பெற்றோர் தலையில்தான்.

ஒன்பதாம் வகுப்புக்கு நம் அரசுப் பள்ளி தேடி வந்த தந்தை ஒருவர், மகன் குற்றம் செய்தவன் போலத் தலைகுனிந்து நின்றார். (அரசுப் பள்ளிக்கு வருவதைத் தோல்வியென அவருக்குக் கற்பித்தவர் எவரோ!) அமரச் செய்து விசாரித்தோம். வாகனக் கட்டணப் பாக்கிக்காக மாற்றுச் சான்றிதழைப் பழைய பள்ளி நிறுத்தி வைத்திருந்தது. சான்றிதழுக்குக் காத்திராமல் அன்றே பையனைச் சேர்த்துக்கொண்டோம்.